ஒரு ஜெராக்ஸ் போடுங்கக்கா

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வந்தால் இரண்டாவது சந்தில் என் கடை. கடை என்று சொல்வது கொஞ்சம் பெருமைக்குத்தான். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அப்புறம் நான். மிச்சமுள்ள இடத்தில் ஒரே ஒரு ஆள் நிற்கலாம், அவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்கு மேல் எனக்குப் பாடம் எடுத்தது மிஷினின் கண்ணாடித் தட்டுதான். பதினெட்டு வருஷமாக, எந்தத் தாளை அதன்மேல் கவிழ்த்தாலும் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். வக்கீல் நோட்டீஸ், ரத்தப் பரிசோதனை, வீட்டுப் பத்திரம், கல்யாண ஜாதகம், எதுவும் விலக்கில்லை. இங்கிலீஷ் எனக்கு வந்ததும் அப்படித்தான். முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை, வக்கீல் நோட்டீஸில் அடிக்கடி வரும் 'ஹியர்பை'. அதை வைத்துக்கொண்டு அரைக்கிலோ தக்காளிகூட வாங்க முடியாது. ஆனாலும் அது என் வார்த்தை, நானே பிடித்தது.

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வருகிறவர்கள் போகிறபோக்கில் சொல்வதைக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் எழுதி கிளிப் போட்டு வைப்பேன். மயிலாப்பூர்க் குளத்துப் பக்கமிருந்து வருகிற ஒரு மாமா, மருமகளின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய என் பேனாவைக் கடன் வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆத்துல நாலு பேர், நாலு பேரும் படிச்சவா. காத்தாலேர்ந்து தேடிண்டு இருக்கேன், எழுதற பேனா ஒண்ணு இல்ல." ஒரு ஆட்டோக்காரர்: "போன்ல மேப் பேசுது, நான் வண்டிய திருப்பறேன். இந்த போர்டெல்லாம் யாருக்கும்மா எழுதி வெச்சிக்கினு கீறாங்க?" ஒரு கல்லூரிப் பெண், இருநூறு பக்கத்தை வாரி அணைத்துக்கொண்டு: "பிரிண்ட் எடுத்தாச்சு ஆன்ட்டி, பாதி படிச்ச மாதிரி."

சிரிப்பாக எழுதி வைத்தேனே தவிர, எல்லாம் ஒரே விஷயம்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பக்கம் தாளுக்குக் குறைவே இல்லை, அச்சுக்கும் குறைவில்லை. அதைப் படிக்கிற ஆட்கள்தான் குறைந்துகொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் கட்டுரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷமாக அதெல்லாம் போனில் கேட்டு வாங்குவது. கேள்வியைப் போட்டால் பதில் வருகிறது, அதை எனக்கு அனுப்பிவிட்டு, "ஆன்ட்டி, கலர்ல" என்று நிற்பார்கள். அதன் தலையில், 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ' என்று ஒரு வரி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை அதைக்கூடப் படித்திருக்காது. மாட்டிக்கொள்ளப் போகிறதே என்று பாவம் பார்த்து, அந்த வரியை நானே அழித்துவிட்டு அச்சடித்துக் கொடுப்பேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

இந்தக் கூட்டத்தில்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கடை கொடுத்த பச்சைச் சேலையில், காலை ஒன்பதரைக்கு ஓட்டமும் நடையுமாக வருவாள். கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஒரே மகள், அடையாற்றில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆறாவது.

அந்தப் பள்ளியிலிருந்து வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கையாவது வரும். அவள் அதை எடுத்துக்கொண்டு வருவாள்.

"ஒரு ஜெராக்ஸ் போடுங்கக்கா. இன்னா இது, இம்மாம் சின்னதா போட்டுக்கிறாங்க? இன்னா சொல்றான் பாருங்க இவன்."

நானும் சும்மா இருக்க மாட்டேனே. "வெள்ளிக்கிழமை கலர் டிரஸ், கூட ஒரு பழம் கொடுத்து அனுப்பணுமாம்" என்று படித்துச் சொல்வேன். அவள் நகலையும் வாங்கிக்கொண்டு, அதற்கான காசையும் வைத்துவிட்டுப் போவாள். பழம் கொடுத்து அனுப்பச் சொல்லும் தாளுக்கு எதற்கு நகல் என்று ஒரு வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. கோப்பு போட்டு வைக்கிற ஆள் போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் மின்சாரம் இல்லை.

"கரண்ட் இல்லம்மா. அரை மணி ஆகும், அப்புறம் வா."

அவள் நகரவில்லை. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினாள். "ஜெராக்ஸ் கெடக்குதுக்கா. இன்னா சமாச்சாரம்னு மட்டும் சொல்லிடுங்க. கடைக்கு டைமாவுது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் வாங்கியது நகலை அல்ல, என் வாயை. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் படித்துச் சொன்னேன். அடுத்த வாரம் மின்சாரம் இருந்தது, மறுபடி "ஒரு ஜெராக்ஸ்" என்றாள், நானும் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு பள்ளி, இனி காகிதமே கிடையாது, எல்லாம் செயலியில்தான் என்று அறிவித்தது. வேலையே போய்விட்டவள் போன்ற குரலில் வந்து சொன்னாள்: "இனிமே பேப்பரே வராதாம்க்கா." நான், "அதனால என்ன, போனைக் கொண்டா, பிரிண்ட் போட்டுக்கலாம்" என்றேன். அவள் கல்லாப் பெட்டி ஓரம் உட்கார்ந்து, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

பள்ளிக்கே போனதில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரியும், எண்கள் தெரியும். துணிக்கடையில் முன்பெல்லாம் சீட்டில் எழுத வேண்டியிருந்தது, பக்கத்தில் இருப்பவளை எழுதச் சொல்லிச் சமாளித்தாள். "இப்ப அந்தத் தொல்லையும் இல்லக்கா. பீப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான். ஆனா சேலைன்னா நான்தான். மூணு அடி தள்ளி நின்னே சொல்லுவேன், எது பட்டு, எது பட்டு மாதிரின்னு."

"பொண்ணுகிட்டயே படிக்கச் சொல்லலாமேம்மா?"

"அவகிட்ட பிளஸ் டூனு சொல்லி வெச்சிக்கிறேன். ஒரு தபா வாய்ல வந்துட்ச்சி. அப்புறம் எறங்க முடியல."

தினமும் காலையில், சாப்பாட்டு டப்பா கட்டும்போது, மகள் நோட்டை நீட்டுவாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். இவள் பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டியபடி மனதுக்குள் இருபது எண்ணுவாளாம். எண்ணி முடித்துவிட்டு, "சூப்பர்டி" என்று சொல்லிக் கையெழுத்து. நாலு வருஷமாக இப்படித்தான். இதை அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன ஆண்டுக் கடைசியில் செயலியில் ஒரு செய்தி வந்தது. பெற்றோர் சந்திப்பு இனிமேல் ஆசிரியர் நடத்துவதில்லை, பிள்ளைகளே நடத்துவார்கள். தான் இந்த வருஷம் செய்ததை எல்லாம் ஒரு கோப்பில் போட்டுப் பிள்ளை விளக்கும், பெற்றோர் எதிரில் உட்கார்ந்து கேட்டு, அங்கேயே, தம் கையால் கருத்து எழுத வேண்டும்.

"அங்கியேவா? அவ முன்னாடியா?" என்றாள்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடு என்றேன். அதற்கு, முடியாது என்று தலையாட்டினாள்: "ஒரு மாசமா அந்தக் கோப்பைக் கட்டிக்கினு தூங்குறா. நான் போவாம எப்டிக்கா?"

ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் இரண்டு வரி எழுதிக் கொடுப்பது, அவள் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து மனப்பாடம் செய்வது. 'என் மகளின் முயற்சி எனக்குப் பெருமை தருகிறது. இன்னும் நிறையப் படிக்க வாழ்த்துகிறேன்.' படித்துக் காட்டியதும், "அழகாத்தான் கீது" என்றாள். "வேற யாரோ வூட்டு அம்மா பேசற மாதிரி கீது. பரவால்ல." கெட்டுப்போன தாள்கள் ஒரு கட்டு கொடுத்தேன். துணிக்கடையில் சாப்பாட்டு நேரத்தில், சேலைப் பெட்டிக்குள் தாளை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் பழகினாள். பத்தாம் நாள் என் முன்னால், பார்க்காமல் எழுதினாள். பிசிறில்லை. ஒன்பதே நாளில்! நான் கைதட்டினேன்.

சனிக்கிழமை, "நீங்களும் வாங்கக்கா, தனியா போவ பயமா கீது" என்று என்னையும் கூப்பிட்டாள். கடையைச் சாத்திவிட்டு, பெரியம்மா என்ற பட்டத்தோடு அடையாறு பஸ் ஏறினேன்.

வகுப்பறை இரண்டாம் மாடியில். குட்டி நாற்காலிகளில் பெரிய பெரிய பெற்றோர் முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் இரட்டைப் பின்னலோடு, மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, "வணக்கம், என் கற்றல் பயணத்தைப் பார்க்க வந்ததற்கு நன்றி" என்று எங்களைப் பார்த்தே சொன்னது. அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. மகள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டியது. இவள் வழக்கம்போல, உதடு அசையாமல், இருபது எண்ணினாள்.

அந்த நேரத்தில் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நானோ சுவரைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், என் வியாதி அது. எரிமலை, சோழர் காலம், நீர்ச் சேமிப்பு என்று சுவர் முழுக்கத் தாள்கள். என் பிரிண்டர் உருளையில் ஒரு கீறல் உண்டு, எதை எடுத்தாலும் இடது ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். அந்தக் கோடு சுவரில் ஒன்பது தாள்களில் இருந்தது. என்ன ஒரு பெருமை எனக்கு! எண்ணி முடிப்பதற்குள் ஆசிரியை கருத்துத் தாளை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் பேனாவை எடுத்து, எங்கும் நிற்காமல், இரண்டு வரியையும் எழுதி முடித்தாள்.

"அம்மா, அது மிஸ் எழுதுற எடம்" என்றது மகள்.

தாளில் இரண்டு கட்டங்கள். மேலே ஆசிரியர் கருத்து, கீழே பெற்றோர் கருத்து. வரியைத்தான் பழகியிருந்தோம். கட்டத்தைப் பற்றி எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"மேலயே போட்டிருக்கே. படிக்கலயா?"

"கண்ணாடி எடுத்தாரலடி."

"நீ எங்க கண்ணாடி போடுற?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். மகள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. என் கடை வாசலில் ஒரு பலகை உண்டு, விலைப் பட்டியல், நானே எழுதியது. தினமும் அதைத் தாண்டித்தான் அந்தப் பெண் பள்ளி வேனுக்குப் போகும்.

"இது ஆன்ட்டி கையெழுத்து" என்றது. "போர்டுல இருக்கற மாதிரியே இருக்கு."

என் எழுத்தை அவ்வளவு சுத்தமாக வரையப் பழகிவிட்டிருந்தாள் அவள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுடி" என்றாள் அவள், மேசையைப் பார்த்துக்கொண்டு. அடுத்த மேசைக்குக் கேட்காத குரல். மகள் கத்தும், அழும், அம்மாவை நினைத்து வெட்கப்படும் என்றுதான் நான் நினைத்தேன். அது கேட்டது வேறு.

"அப்போ நோட்டுல சூப்பர் சூப்பர்னு சொன்னதெல்லாம்?"

ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "கட்டம் மாறிடுச்சா, பரவாயில்லம்மா, வேற ஷீட் தரேன், திங்கட்கிழமை குடுத்து அனுப்புங்க" என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் மகள் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் ஒரு துணிக்கடைப் பையோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பேசமாட்டேங்குது. இனிமே நோட்டைக் காட்டமாட்டாளாம். கையெழுத்து அவளே போட்டுக்குவாளாம். நான் எது சொன்னாலும் நம்பமாட்டாளாம்க்கா. சாப்பாடு நல்லா கீதான்னு கேட்டாக்கூட, இருபது எண்ணிட்டு சொல்றேன்னுது. நான்தான் நேத்து அவகிட்ட எல்லாத்தியும் சொன்னேன்."

பையைக் கவிழ்த்தாள். பரணிலிருந்து இறக்கிய பழைய நோட்டுகள், மேலே புதுக் கோப்பு. "படிச்சுக் காட்டுங்க. நான் எதுக்கெல்லாம் சூப்பர் சொன்னேன்னு எனக்குத் தெரியணும்."

நான் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். 'மழையில் எங்கள் தெரு', தமிழ்க் கட்டுரை. இடது ஓரத்தில் என் பிரிண்டரின் கோடு. அச்சடிக்க இந்தப் பெண் அனுப்பியபோது தலையிலிருந்த 'நிச்சயமாக!' வரியை அழித்ததும் நான்தான், நன்றாக நினைவிருந்தது. இரண்டு வரி படித்திருப்பேன், வாசலில் நிழல் விழுந்தது.

"என் நோட்டை ஏன் எடுத்தாந்த?" மகள் மூச்சிரைக்க நின்றது. தாளை என் கையிலிருந்து பறித்தது. "ஆன்ட்டி, இப்படி வேகமா படிச்சா அதுக்கு என்ன புரியும்?"

அதுக்கு என்றது அம்மாவை. கோபத்தில்தான். ஆனாலும் பறித்த தாளை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, காதில் அடிப்பது போலப் படித்தது. 'மழை, இயற்கை அன்னை மனித குலத்திற்கு அளித்த மகத்தான கொடை. எங்கள் தெருவில் மழை பெய்யும்போது மரங்கள் மகிழ்ச்சியில் தலையசைக்கின்றன.' கடைசி வார்த்தையில் இரண்டு முறை தடுக்கியது. அந்தப் பெண்ணுக்கே அந்த வார்த்தை புதிது.

அவள் குறுக்கே கேட்டாள்: "நம்ம தெருவுல எத்தினி மரம் கீது?"

"ஒண்ணு."

"அதுவும் டிரான்ஸ்பார்மர் மேல சாஞ்சிக்கினு கீது. அது எங்கடி தலையாட்டுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டது.

"கடை வாசல்ல பொம்மைக்குக் கட்டி வெச்ச சேலை மாதிரி கீது" என்றாள் அவள், யோசித்து. "மடிப்பெல்லாம் சுத்தமாத்தான் கீது. உள்ள ஆள் இல்ல. இது நல்லா இல்லடி."

நாலு வருஷத்தில் முதல்தடவையாக அம்மா நல்லா இல்லை என்கிறாள். அந்தப் பெண் அதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்று பயந்தேன். அது தாளைக் கவிழ்த்து வைத்தது. "இது நான் எழுதல. போன்ல எடுத்தது" என்றது. பிறகு குனிந்து பழைய நோட்டுகளைக் கலைத்து, நாலாவதில் எழுதிய ஒன்றை உருவியது. அதே தலைப்புதான் போலிருக்கிறது, பென்சிலில். இந்தமுறை பல்லைக் கடிக்கவில்லை.

'எங்கள் தெருவில் மழை வந்தது. வீட்டுக்குள்ளும் வந்தது. அப்பா பிரிட்ஜை செங்கல் மேல் வைத்தார். அம்மா கடைக்குப் போனாள். லீவு போட்டால் திட்டுவார்கள். தண்ணீர் அம்மா முட்டி வரை இருந்தது. நான் சன்னலில் நின்றேன். பச்சைப் புடவை வந்தால் அம்மா. பச்சைப் புடவை மூன்று பேர் வந்தார்கள். நான்காவதுதான் அம்மா.'

பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து இருந்தது.

"இதுக்கும் சூப்பர்னுதான் சொன்ன" என்றது மகள்.

"ஆமா. இருபது எண்ணிட்டு சொன்னேன்." அவள் அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "சன்னல்லயா நின்ன?"

"ம்."

"நான் வர்ற வரிக்குமா?"

"ம்."

"எழுதி, எங்கிட்டயே காட்டி, கையெழுத்தும் வாங்கிட்டியேடி. எனக்குத் தெரியவே இல்லியே."

இது நல்லா இருக்கிறதா இல்லையா என்று அவள் சொல்லவே இல்லை. மகளும் கேட்கவில்லை. வெளியே ஒருவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு, "மிஷின் ரிப்பேராம்மா?" என்றார். கொஞ்சம் நில்லுங்க என்று கையைக் காட்டினேன். அவள் நோட்டை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு தபா படி."

படித்தது. பிறகு அடுத்த நோட்டை எடுத்தது. ஆதார்க்காரர் அரை மணி நேரம் வாசலில் நின்றார், அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை, பள்ளி வேன் வரும் நேரம், இருவரும் என் கடையைத் தாண்டிப் போனார்கள். மகள் கையில் ஆசிரியை கொடுத்த புதுத் தாள் இரண்டாக மடித்து இருந்தது. கீழ்க் கட்டத்தில் என்ன இருந்தது, யார் கையெழுத்தில் இருந்தது, எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கக் கழுத்து துடித்தது, அது என் வியாதி என்றுதான் சொன்னேனே. அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ஜெராக்ஸ் போட நிற்கவில்லை.